கதவோரக் கல்

எனக்குச் சந்தேகப் புத்தி. மறைத்து என்ன ஆகப்போகிறது? பால்காரி அளக்கும்போது அவளுடைய கட்டைவிரல் படிக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருநாளும் பால் வாங்கியதில்லை. கோலார் தங்கவயலில் குடித்தனம் செய்தவளுக்கு வேறென்ன புத்தி வரும்? அங்கே எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வரும் ஆண்களை வாயைத் திறக்கச் சொல்லி, தலைமுடியைக் கலைத்து, கஞ்சிக் கலயத்துக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். கீழேயிருந்து ஒரு கல் வந்தது தெரிந்தால் போதும். வேலை போய்விடும், வீடு போய்விடும், ஆள் ஜெயிலுக்குப் போய்விடுவான். எங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே ஒருவனைக் கையைக் கட்டிக் கூட்டிப் போனார்கள். மறுநாள் அவன் பெண்டாட்டி சட்டிபானையோடு தெருவில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொம்பளையின் முகம் எனக்கு மறக்கவே இல்லை.

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஞாயிறு என் வீட்டுக்காரருக்கு லீவு. அதனால் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பத்து நாளுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்த வாட்டி நம்ம சனம் எல்லாம் ஒண்ணா போவணும், ஒரு மனஸ்தாபம் வரக்கூடாது" என்று ஆரம்பித்தாள். ஒற்றுமை என்று யாராவது வாயைத் திறந்தால் நான் முதலில் என் பாத்திரங்களை எண்ணி வைத்துவிடுவேன்.

மூன்று குடும்பம், இரண்டு மாட்டு வண்டி. யார் எந்தச் சோறு கட்டிவர வேண்டும் என்று அவளே பிரித்தாள். எலுமிச்சஞ்சோறு அவளுக்கு, தயிர்ச்சோறு சின்னவளுக்கு, புளிச்சோறு எனக்கு. புளிச்சோறு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் என் தலையில் கட்டினாள்.

போன வருஷம் ஆடிப்பெருக்குக்குக் கோலார் டவுனுக்குப் போனபோது ஒரு சண்டை வந்திருந்தது. அவரவர் மூட்டையை அவரவர் கட்டிப் பிடித்துக்கொண்டு, என் முறுக்கு குறைந்தது, உன் பாய் கிழிந்தது என்று வழியெல்லாம் இரைச்சல். அது மறுபடி வரக்கூடாது என்று நாத்தனார் இந்த முறை ஒரு சட்டம் போட்டாள். யாருடைய மூட்டையும் அவரவர் மடியில் இருக்கக் கூடாது. என் மூட்டை அவள் மடியில், அவள் மூட்டை சின்னவள் மடியில், சின்னவள் மூட்டை என் மடியில். முந்தின நாளே எல்லா மூட்டையும் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாத்தனார் புத்திசாலிதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்தவள் மூட்டை மடியில் இருந்தால் வாயை மூடிக்கொண்டுதான் வர வேண்டும்.

சின்னவள் என்றது என் ஓரகத்தியை. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. அந்தத் தம்பி பங்குனியில் ஷாப்டுக்குள், அந்தச் சுரங்கக் குழிக்குள், போனவர்தான், திரும்பவில்லை. அவர் வேலை பார்த்த லெவலில், அடியில் இருந்த சுரங்கப் பாதையில், மேல்பாறை இறங்கிவிட்டது. கூட இருந்த இரண்டு பேரை எடுத்தார்கள், அவரை எடுக்க முடியவில்லை, அந்த இடத்தையே அடைத்துவிட்டார்கள். நல்ல மனிதர். "இந்தக் கல்லையெல்லாம் வுட்டுட்டு ஒரு நாளு நம்ம ஊருக்கே பூடணும் அண்ணி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஊர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரை. அவர் போன பிறகு சின்னவள் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "உடம்ப கண்ணுல காட்டுங்க, அப்புறம் கருமாதி பண்றேன்" என்றாள். நாலு மாசம் அப்படியே. பொட்டும் இருக்கும், அழுகையும் இருக்கும். லைனில் பேசாத வாய் இல்லை.

அப்படிப்பட்டவள் ஆடிப்பெருக்குக்கு வருகிறேன் என்றாள். குழாயடிக்குக்கூடத் தலைகுனிந்து போகிறவளுக்கு வண்டி கட்டிக்கொண்டு ஊர்வலம் எதற்கு? அதோடு விட்டதா? நாத்தனார் மறுபடியும் கோலார் அம்மன் கோயிலுக்கே போகலாம் என்றபோது, எந்த ஊருக்குப் போனாலும் சரி என்று பீடி பிடிக்கிற என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "பேத்தமங்களா ஏரிக்குத்தான் போவணும்" என்றார். எதற்கு என்று கேட்டால் பீடியைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார். சின்னவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டுக்கும் சின்னவள் வீட்டுக்கும் நடுவே ஒரே மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் மிளகாய் கிள்ளினால் இந்தப் பக்கம் தும்மல் வரும். வியாழக்கிழமை ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் நேரே எங்கள் வீட்டுக்கு வராமல் அங்கே நுழைந்தார். நான் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தட்டியில் வைத்தேன்.

"எடுத்தாந்துட்டேன். பத்திரமா வையி."

"மாமா, உங்களுக்கு எதனா ஆயிடப் போவுது."

"ஆவாது. உங்க அக்காளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவகிட்ட சொன்னா லைனு பூரா தெரிஞ்சிடும்."

உங்க அக்கா என்றால் நான்தான். அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து கை கால் கழுவிக்கொண்டு, "இன்னா கொழம்பு?" என்று கேட்டார். கல்லுளிமங்கன்! சோற்றைப் போட்டேன். உப்புப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அவரும் கேட்காமல் தின்றார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் எனக்கு வந்த எண்ணத்தை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். புருஷன் இல்லாதவள், இளவயது, தட்டிக்கு அந்தப்பக்கம். இரண்டு பேரும் என்னை ஏமாற்றிவிட்டு பேத்தமங்களாவிலிருந்து அப்படியே எங்காவது போய்விடப் போகிறார்களோ என்று நினைத்தேன். இரண்டு நாள் அந்த நினைப்போடு புளி கரைத்தேன், மிளகாய் வறுத்தேன். அவர் வேட்டி துவைக்கும்போது கல்லில் ஓங்கி ஓங்கி அறைந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூட்டைகள் வந்தன. அவர் ஷிப்டில் இருந்தார். சின்னவள் கடைசியாக வந்து, "அக்கா, என் மூட்டைய நானே மடியில வெச்சிக்கறனே" என்றாள்.

"ஏன், உள்ள தங்கமா இருக்குது?" என்றேன் கிண்டலாக.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மூட்டையை மூலையில் வைத்துவிட்டுக் குடத்தோடு தண்ணீருக்குப் போனாள். நான் மூட்டையைத் தூக்கினேன். பாய்க்கும் மாற்றுப் புடவைக்கும் அவ்வளவு கனம் இருக்குமா? பிரித்தேன். புடவைக்கு நடுவே மஞ்சள் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, ஒரு தேங்காய் அளவுக்கு ஒரு பொருள். முடிச்சை அவிழ்த்தேன்.

கல். வெள்ளைக் கல்லில் நீலம் ஓடியது. ஒரு மூலையில் மஞ்சளாக மினுங்கியது. துணியின் மஞ்சள்தான் ஒட்டியிருந்ததோ, உண்மையிலேயே பொன்தானோ, அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் பொன்னாகத்தான் தெரிந்தது. அடப்பாவிகளா! பேத்தமங்களாப் பக்கம் திருட்டுக் கல் வாங்குகிற ஆள் இருக்கிறான் என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அங்கேயே போக வேண்டும் என்ற பிடிவாதம், குசுகுசுப்பு, வராதவள் வருவது. அதைவிட, நாளைக்கு சோதனைக் கொட்டகையைத் தாண்டும்போது இந்த மூட்டை யார் மடியில் இருக்கும்? என் மடியில்!

சுரங்க எல்லை முடிகிற இடத்தில் ரோட்டோரமாக அந்தக் கொட்டகை இருந்தது. போகிற வண்டிகளை நிறுத்திச் சாமானைக் கிளறுவார்கள். கல் அகப்பட்டால் கையைக் கட்டுவார்கள். தெருவில் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளையின் இடத்தில் நான் என்னைப் பார்த்தேன். அவரிடம் கேட்டால் மழுப்புவார். சின்னவளிடம் கேட்டால் அழுவாள். கேட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை, குடம் நிரம்பினால் வந்துவிடுவாள்.

எங்கள் லைனுக்குப் பின்னால் தண்டவாளம் போகும். ஷாப்டிலிருந்து வெட்டிய கல்லைத் தொட்டி வண்டிகளில் ஏற்றி மில்லுக்குத் தள்ளிப் போவார்கள். மில்லில் இரும்பு உலக்கைகள் ராத்திரி பகல் ஓயாமல் கல்லை இடித்து மாவாக்கும். அன்றைக்கும் நாலைந்து தொட்டிகள் நின்றிருந்தன. தள்ளுகிறவர்கள் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே சேரட்டும் என்று ஒரு தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கல்லோடு கல்லாகப் போய்விட்டது. திருடாமல் திருப்பிக் கொடுத்தவள் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூட்டையில் கனம் குறைந்தால் தெரிந்துவிடுமே! எங்கள் தட்டிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கருங்கல்லை முட்டுக்கு வைத்திருந்தோம். காலையில் கதவைத் திறந்ததும் காலால் ஒரு தள்ளு, சாயங்காலம் சாத்தும்போது காலால் ஒரு தள்ளு. கிட்டத்தட்ட அதே அளவு. அதை மஞ்சள் துணியில் சுற்றி அதே மூன்று முடிச்சுப் போட்டுப் புடவைக்குள் வைத்துக் கட்டினேன். சின்னவள் குடத்தோடு வந்தபோது நான் புளிச்சோற்றுக்கு வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வண்டிகள் கிளம்பின. நாத்தனார் சட்டப்படி அவளுடைய மூட்டை சின்னவள் மடியில், என்னுடையது அவள் மடியில், சின்னவளுடையது என் மடியில். "பாத்தியா, ஒரு சத்தம் இல்ல" என்று நாத்தனாருக்குப் பூரிப்பு. சத்தம் எப்படி வரும்? சின்னவள் கண் என் மடியிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பயந்து சாகட்டும் என்று ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது எனக்கு.

கொட்டகையில் நிறுத்தினார்கள். அன்றைக்கென்று பார்த்து ஒவ்வொரு மூட்டையையும் தூக்கிப் பார்த்தான் காவல்காரன். என் மடியில் இருந்ததைத் தூக்கியதும், "இன்னா, இவ்ளோ கனம்?" என்று கொட்டகைக்குள்ளே எடுத்துப் போய்விட்டான். சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வந்தது. காவல்காரன் மூட்டையை மறுபடி கட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். "வேண்டுதலா? போங்க, போங்க" என்றான்.

வண்டி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி அந்தக் கொட்டகையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். சின்னவள் கண்ணைத் திறந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "அவருதான் காப்பாத்தினாரு" என்றாள். யார் என்று நாத்தனார் கேட்டாள். காப்பாற்றியது நானடி, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பேத்தமங்களா ஏரி அந்த வருஷம் நன்றாகவே நிறைந்திருந்தது. கலிங்கு தாண்டி விழுந்த தண்ணீர் பாலாறாகக் கிழக்கே ஓடியது. பெண்கள் கரையெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டும் காதோலைக் கருகமணி விட்டுக்கொண்டும் இருந்தார்கள். நாத்தனார் பாயை விரிக்கப் போனாள். என் வீட்டுக்காரர், "இரு அக்கா. மொதல்ல ஒரு வேல இருக்குது" என்றார்.

சரி, கல் வாங்குகிறவன் வருகிறான் என்று நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். யாரும் வரவில்லை. சின்னவள் என் மடியிலிருந்து மூட்டையை எடுத்தாள். புடவையை விலக்கி மஞ்சள் துணியை மட்டும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கினாள். ஒரு சொம்பில் பால் கொண்டுவந்திருந்தாள். அதை முடிச்சின்மேல் ஊற்றினாள். என் வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரையில் மண்டியிட்டார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"தம்பி" என்றார்.

பிறகுதான் சொன்னார். பாறை இறங்கிய இடத்துக்குப் பக்கத்து லெவலில் அவருக்கு வேலை விழுந்திருந்தது. அடைத்த சுவரோரம் சரிந்து கிடந்த கல்லில் ஒன்றை எடுத்திருக்கிறார். உடம்பு இல்லாதவருக்குக் கல் வைத்துத்தானே கருமாதி செய்ய முடியும்? ரோட்டுக் கல்லை வைத்துச் செய்ய சின்னவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கிடக்கிற இடத்துக் கல்தான் வேண்டும் என்றாள். "அன்னிக்கு ஷாப்டு வாசல்ல சோதனைக்கு நின்னவன் தம்பிகூட சீட்டாடினவன். கலயத்தைக் கையில வாங்கினான், கனத்தைப் பாத்தான், என் மூஞ்சைப் பாத்தான், திருப்பிக் குடுத்துட்டான்" என்றார். "உன்கிட்ட சொல்லியிருப்பேன். நீ பயந்து கத்தியிருப்ப."

கத்தியிருப்பேன். வாஸ்தவம்தான்.

சின்னவள் தண்ணீரில் நின்றபடி பேசினாள். எங்களிடம் இல்லை, கையில் இருந்ததிடம். "ஊருக்குப் போவணும்னு சொன்னியே. இந்தத் தண்ணி நம்ம ஊரு ஓரமாத்தான் போவுது. கல்லு போவாது, எனக்குத் தெரியும். உன்னைத் தொட்ட தண்ணி போவுமே. போ." அப்புறம் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை அவளே கழற்றினாள். நாலு மாசம் யார் சொல்லியும் கழற்றாத கயிறு. அதை மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டி, குனிந்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி தண்ணீருக்குள் விட்டாள். நாத்தனார் ஓவென்று அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என் வீட்டுக் கதவோரத்தில் தினம் இரண்டு வேளை நான் காலால் தள்ளிய கல்லைக் கும்பிட்டேன்.

சொல்லியிருக்கலாம். அவள் கயிற்றைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது. சொன்னால் அவர் எங்கே என்று கேட்பாள். மில்லுக்கு அனுப்பிவிட்டேன் என்றா சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்?

சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். என் புளிச்சோற்றை எல்லோரும் மெச்சினார்கள். சின்னவள் இரண்டாம் முறை வாங்கித் தின்றாள். அவள் அப்படி உட்கார்ந்து தின்று நாலு மாசம் ஆகியிருந்தது. நாத்தனார், "பாத்தியா, எல்லாரும் ஒண்ணா வந்தா எவ்ளோ நல்லா இருக்குது" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். நான் என் பங்கையும் சின்னவள் இலையில் வைத்தேன்.

திரும்பும்போது சின்னவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. லைன் கிட்டே வந்ததும் மில்லின் உலக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இந்தச் சத்தம் கேட்டா அவரு மேலயே இடிக்கற மாதிரி இருக்கும் அக்கா. நாலு மாசமா காதைப் பொத்திகினு கெடந்தேன். இனிமே இடிச்சா இன்னா? அவருதான் இங்க இல்லையே."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தோம். காற்று அடித்தது. தட்டிக் கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் காலடியில் பார்த்தார். கதவுக்கு அந்தப்பக்கம் பார்த்தார்.

"இங்க இருந்த கல்லு எங்க?" என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். காவல்காரன் ஏன் சிரித்தான் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம். தட்டிக்கு அந்தப்பக்கம் சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள் என்று நினைக்கிறேன். அவர் அந்தப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா அக்கா, கதவு இப்டி அடிச்சிக்குது?" என்று அங்கிருந்தே கேட்டாள் சின்னவள். "கல்லு காணமா? இருங்க, நாளைக்கு நான் ஒண்ணு எடுத்தாரேன்."

மறுநாள் காலையில் குழாயடியிலிருந்து வரும்போது இடுப்பில் குடமும் கையில் ஒரு கருங்கல்லுமாக வந்தாள். வெறும் ரோட்டுக் கல். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் கல்லை அவளிடமிருந்து வாங்கி, கதவோரம் வைத்தார். அவள் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"இதைக் காலால தள்ளாத."